மாத்திரைக்கு அடங்காத வியாதிகள்

கிரந்தி, வெட்டை முதலிய மேகவியாதிகளின் பெயரை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. எச்.ஐ.வி. என்னும் கிருமியின் பெயரைக் கேட்டாலோ மனிதரையே விலக்கி வைத்துவிடுகிறோம். இவை பெரும்பாலும் ஒரே வழியாக உடம்பில் புகுபவை. ஆகவே, எச்.ஐ.வி. கண்டவரிடம் மற்றவையும் உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டுமென வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள்.

இத்தேசத்தில் அக்கிருமி அகப்பட்ட கதையும் மேகவியாதியிலிருந்தே தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை சுனிதி சாலமன் அவர்களின் யோசனைப்படி இரத்தம் சேகரிக்கப் புறப்பட்டார். மேகவியாதிச் சிகிச்சைக்காக ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஸ்திரீகளுடன் பழகியே அவர் வழி தெரிந்துகொண்டார். சேர்த்த இரத்தத்தைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தினார். 1986-ல் ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் தென்பட்டது.

இன்று கூட்டு மருந்தைத் தவறாமல் உண்பவர் நெடுங்காலம் வாழலாம். கிருமி முற்றும் அடங்கிய நிலையில், உடலுறவால் அது பிறருக்குப் பரவுவதுமில்லை. இந்த நல்ல செய்தியிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அம்மாத்திரை எச்.ஐ.வி.யை அடக்குமேயன்றிக் கிரந்தியையோ வெட்டையையோ தொடாது. கிரந்தியின் முதற்புண் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோயாளி குணமாயிற்றென்று நினைப்பார். வியாதியோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். எச்.ஐ.வி. உள்ளவரிடம் அது கண்ணையும் மூளையையும் விரைவில் தாக்கக்கூடும். கர்ப்பிணியாயின் சிசுவுக்கே உயிராபத்து. வெட்டை பல பெண்களிடம் அடையாளமே காட்டாமல், பின்னர் மலட்டுத்தன்மைக்குக் காரணமாகிறது.

இதற்கு மருந்தோ மிக எளியது. ஆரம்ப நிலைக் கிரந்திக்கு 24 லட்சம் யூனிட் பெனிசிலின், ஒரே முறை போடும் ஊசி. ஆயுள் முழுதும் மாத்திரை உண்பவருக்கு இது ஒரு பெரிய காரியமா? வியாதியைக் கண்டுபிடிப்பதுதான் காரியம். கிரந்திக்கு இரத்தப் பரிசோதனை போதும்; வெட்டைக்குச் சிறுநீரோ, உறுப்பிலிருந்து பஞ்சில் எடுக்கும் கசிவோ வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். தொற்றுக்கு இடம் அதிகமானால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பினால் வியாதி மறுபடி வீடு திரும்பும்.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்களும், மேகவியாதிகளுக்குச் சுகவாழ்வு மையங்களும் உண்டு. அழகான பெயர்கள்தாம். ஆனால் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்வாசிகளை எண்ணிப் பார்ப்போம். அங்கே வியாதி மிகுதி என்று நாம் சொல்லவில்லை. தூரம் மிகுதி என்கிறோம். மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. மாத்திரைக்கு ஒரு நாள், இரத்தத்துக்கு ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள் என்றால் எந்தக் கூலியாள் வருவார்? பஸ்ஸில் உடன் வரும் ஊரார், “எதற்குப் போகிறாய்?” என்று கேளாமல் இருப்பார்களா?

2017-ஆம் வருஷத்துச் சட்டம், சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாகாது, ஒருவர் நிலையைப் பிறருக்கு வெளியிடலாகாது என்று விதிக்கிறது. ஊர்வாயைக் கட்டச் சட்டத்தால் முடியாது. ஆஸ்பத்திரியால் ஒன்று முடியும். மாத்திரை வாங்க வந்த நாளிலேயே, கதவைச் சாத்திய அறையில், சம்மதம் கேட்டு, மற்றப் பரிசோதனைகளையும் முடித்து, ஊசி வேண்டுமானால் அதையும் போட்டு, மாலை பஸ்ஸுக்குள் அனுப்பிவிடலாம்.