தேறிய கோழியும் நோய் பரப்பும்

மழைக்காலத்தில் புறக்கடைக் கோழிகள் தும்முவதையும், இரவில் கரகரவென்று மூச்சு விடுவதையும், மூக்கொழுகிக் கண்ணோரம் வீங்கி நிற்பதையும் நாம் காண்கிறோம். பல வேளைகளில் இது நாட்பட்ட சுவாச நோயாகும். வெள்ளைக் கழிச்சலைப் போல இது கோழிகளை ஒரே வாரத்தில் வாரிச் செல்வதில்லை. முட்டையைக் குறைத்து, குஞ்சுகளை நலியச் செய்து, குடும்பத்தின் சிறு வருவாயைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகிறது.

இதற்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி. மருந்து நோய்க்குறிகளைத் தணிக்குமேயன்றிக் கிருமியை முற்றிலும் ஒழிப்பதில்லை. தேறிய கோழி தன் மூச்சினாலும் முட்டை வழியாகவும் நோயைப் பரப்பக்கூடும். ஆகவே அதன் முட்டையை அடைக்கு வைத்தலாகாது.

சந்தையில் வாங்கிய கோழியை 4 வாரம் தனியே அடைத்துக் கவனித்தல் வேண்டும். அதற்குத் தீனியும் நீரும் மற்றவற்றிற்கு வைத்த பின்னரே வைத்தல் நலம். கூடு காற்றோட்டமாகவும் ஈரமின்றியும் இருத்தல் வேண்டும். ஈர எச்சத்தினின்று எழும் நெடி மூச்சுக்குழலைப் புண்ணாக்கி நோயை முற்றச் செய்யும்.

தும்மல் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவோமாக. வெள்ளைக் கழிச்சலும் இவ்வாறே தொடங்கக்கூடும். நோயுற்ற கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவது, அடுத்த வீட்டுக்கு நாமே நோயை அனுப்புவதாகும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்தல் வேண்டும்.