ஜன்னல் மணி ஏன் வீணாக அலறுகிறது?

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றாலே ஊருக்குப் போவதுதான். மூன்று வாரம், ஒரு மாதம் என்று வீடு பூட்டிக் கிடக்கும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், பாயி சாஹப்' என்று சொல்லி ரயில் ஏறுவோம். இப்போது தில்லியில் நம்மவர் பலர் ஜன்னலுக்கு ஜன்னல் சென்சார் பொருத்தி, சைரனும் வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் திருடன் வராதபோதும் அது அலறினால் என்ன செய்வது?

'புலி வருது' கதை நாம் எல்லோரும் அறிந்ததே. முதல் நாள் சைரன் அடித்தால் அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். இரண்டாம் நாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு தூங்குவார்கள். வீட்டுக்காரரே அலுத்துப்போய் சுவிட்சை அணைத்துவிடுவார். அதன் பிறகு அந்தக் கருவி சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்தான். பகலில் தனியே இருக்கும் வயதான தாய் தந்தையருக்கோ ஒவ்வொரு வீண் அலறலும் நெஞ்சைப் பதற வைக்கும். ஆகவே இதைச் சின்னத் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடாது.

சென்சார் வேலை செய்யும் விதம்

பெரும்பாலான ஜன்னல் சென்சார்களில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று வெறும் காந்தம்; அது திறக்கும் கதவில் இருக்கும். மற்றொன்று ஜன்னல் சட்டத்தில் இருக்கும். அதனுள் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் நூலிழை இடைவெளியில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். இதற்கு ரீட் சுவிட்ச் என்று பெயர். காந்தம் அருகில் இருக்கும்வரை தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்தால் காந்தம் விலகும், தகடுகள் பிரியும், மணி அடிக்கும்.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இது பழகிய சங்கதி. 1872-இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டின் தத்துவமும் இதுதான். தண்டவாளத்தில் சிறு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் வந்தால் அந்த மின்சாரம் ரிலேக்குப் போகாது, சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் பாட்டரி தீர்ந்தாலும் அப்போதும் சிவப்புதான். பழுது வந்தால் அது ஆபத்தைப் போலவே காட்ட வேண்டும் என்பது விதி. கம்பி இணைப்புள்ள ஜன்னல் மணியும் அப்படியே. எனவே காரணமில்லாமல் அது அடிக்கும்போது 'பொய் சொல்கிறது' என்று நினைக்காதீர்கள். 'என் சர்க்யூட் எங்கோ அறுபடுகிறது' என்றுதான் அது சொல்கிறது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் பேனாவை எடுங்கள். எந்த ஜன்னல், என்ன தேதி, எத்தனை மணி, அப்போது காற்றா மழையா, மின்சாரம் போனதா வந்ததா என்று பத்து நாள் எழுதுங்கள். ஒரே ஜன்னல் என்றால் கோளாறு அந்த ஜன்னலில். பல ஜன்னல்கள் ஒரே நேரத்தில் என்றால் மின்சாரம், தலைமைப் பெட்டி அல்லது பொதுக் கம்பி. பிற்பகலில் மட்டும் என்றால் வெயில். புழுதிப் புயல் வீசும் நாளில் மட்டும் என்றால் ஆடும் கதவு. பாதி விடை இந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

வழக்கமான காரணங்கள்

1. இடைவெளி: சாதாரண சென்சார்களில் காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு செ.மீ. வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த எல்லையில் வைத்தால் கதவு சற்று அசைந்தாலே மணி அடித்துவிடும். ஜன்னல் மூடிய நிலையில் அரை செ.மீ. அளவில் இருப்பது நல்லது. இரு துண்டுகளிலும் உள்ள கோடு அல்லது அம்புக்குறி நேருக்கு நேர் இருக்க வேண்டும்.

2. ஆடும் கதவு: அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்களில் உருளை தேய்ந்தால் காற்றுக்குக் கதவு முன்னும் பின்னும் நகரும். இதற்குச் சென்சாரை மாற்றிப் பயனில்லை. உருளையையும் தாழ்ப்பாளையும் சரி செய்யுங்கள். மரக் கதவானால் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். இடைவெளியும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

3. பசை விடுவது: இருபுறமும் ஒட்டும் டேப்பில் ஒட்டிய சென்சார், மேற்கு பார்த்த ஜன்னலில் தில்லி வெயிலுக்கு மெல்ல நழுவும். புழுதியைத் துடைக்காமல் ஒட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். முடிந்த இடத்தில் சிறு திருகாணியால் பொருத்துங்கள்.

4. இரும்புச் சட்டம்: அலுமினியம் காந்தத்தைப் பாதிக்காது, இரும்பு அதன் பலத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். இரும்பு ஜன்னலில் இரு துண்டுகளுக்கும் அடியில் அரை செ.மீ. கனத்தில் மரம் அல்லது பிளாஸ்டிக் துண்டு வைத்துப் பொருத்துங்கள்.

5. பாட்டரி: கம்பியில்லாச் சென்சார்களில் சி.ஆர். 2032 போன்ற 3 வோல்ட் லித்தியம் வில்லைகள் இருக்கும். தேய்ந்த பாட்டரி ஜனவரிக் குளிரில், விடியற்காலையில்தான் முதலில் தள்ளாடும். மாற்றும்போது தேதியை ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். பழைய வில்லையைக் குழந்தைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

6. மின்வெட்டு: தலைமைப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி சில ஆண்டுகளில் கிழடாகிவிடும். மின்சாரம் போகும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து மணி அடிக்கும். வைஃபை வகையில், ரூட்டர் அணைந்ததும் 'தொடர்பு இல்லை' என்று கைபேசிக்குச் செய்தி வரும். அதை 'ஜன்னல் திறந்தது' என்று எண்ணிப் பதறுபவர் உண்டு. செய்தியை முழுதும் படியுங்கள். ரூட்டரை இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

7. கம்பி இணைப்பு: முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் நாளடைவில் பச்சை பூத்துப்போகும். மின்சாரத்தையும் உள் பாட்டரியையும் துண்டித்து, பெட்டியிலிருந்து அந்த ஜன்னலின் இரு கம்பிகளைக் கழற்றி, ஜன்னலை மூடி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சில ஓம் மட்டுமே காட்ட வேண்டும். கம்பியின் முடிவில் ரெசிஸ்டர் இருந்தால் அதன் மதிப்பைக் காட்டும். ஒருவர் மீட்டரைப் பார்க்க, மற்றொருவர் கம்பியை அசைத்து, சட்டத்தை மெல்லத் தட்டட்டும். எண் துள்ளும் இடத்தில்தான் குற்றவாளி இருக்கிறான். அந்த இணைப்பைச் சுத்தம் செய்து சால்டர் வையுங்கள்.

8. அதிர்வு, கண்ணாடிச் சென்சார்கள்: இவை காந்த வகை அல்ல. தீபாவளி வெடிக்கும் கல்யாண ஊர்வல டோலக்குக்கும் இவை ஏமாறும். உணர்திறனைக் குறைக்கும் சிறு திருகு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஒரேயடியாகக் குறைத்துவிடாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

காரணம் பிடிபடவில்லையா? தொல்லை தரும் சென்சாரையும் ஒழுங்காக வேலை செய்யும் இன்னொன்றையும், காந்தத்தோடு சேர்த்து இடம் மாற்றுங்கள். கோளாறு சென்சாரோடு போனால் சென்சார் பழுது, புதிது வாங்குங்கள். கோளாறு பழைய ஜன்னலிலேயே நின்றால் ஜன்னலிலோ கம்பியிலோ குறை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது மருந்து என்று தெரியாது.

மௌனமே பெரிய ஆபத்து

வீணாக அடிக்கும் மணியாவது தன் நோயைச் சொல்கிறது. அடிக்க வேண்டியபோது அடிக்காத மணிதான் கொடியது. ரீட் சுவிட்சின் தகடுகள் ஒட்டிக்கொண்டால் ஜன்னலை முழுதாகத் திறந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. கம்பியில்லாச் சென்சாரின் பாட்டரி அடியோடு தீர்ந்தால் அதுவும் ஊமையாகிவிடும். சென்சார் உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிக்கும் வசதியுள்ள தலைமைப் பெட்டியே இதைக் கண்டுபிடிக்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள். தொல்லை தந்த ஜன்னலைப் பெட்டியில் 'விலக்கி' வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது, அந்த ஜன்னலைத் திருடனுக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

வீண் அலறல் என்ற சந்தேகம் இருந்தாலும், நேரில் பார்க்கும்வரை அதை உண்மை என்றே கொள்ளுங்கள். ஆனால் முதியவர்களைத் தனியே இருட்டில் அனுப்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள்; விளக்குகளைப் போட்டு, அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக்கொண்டு போகட்டும்.

ஊருக்குப் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே இவற்றை முடித்துவிடுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நகர்ந்த பிறகு கைபேசியில் செய்தி வந்தால், உள்ளே இருக்கும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது ஓடிப்போய்ப் பார்க்கப் பக்கத்து வீட்டார்தான் வேண்டும். அவர் அலுத்துப்போகாமல் எழுந்து வர வேண்டுமானால், அதற்கு முன் அந்த மணி வீணாக அடித்திருக்கக் கூடாது.