சாரீரம் என்கிற சரீரம்: ராயபுரத்துக் காதில் மூன்று பெண் குரல்கள்

1

பெண் குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே தமிழில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்வது 'இனிமை' என்ற சொல். குயில், தேன், குழல், யாழ் என்று உவமைகளும் தயாராக இருக்கின்றன. ஆண் பாடகருக்கு கம்பீரம், கணீர், பிடி, பாய்ச்சல் என்று பல வார்த்தைகள் கிடைக்கும். பெண்ணுக்கு இந்த ஒரே சர்டிபிகேட்தான். இனிமை என்பதைக் குரலின் இயற்கைக் குணமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். பெண்ணிடம் ஒரு சமூகம் எதிர்பார்க்கிற நடத்தை விதி அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். எனக்குப் பிடித்த மூன்று பாடகிகளை, கே.பி. சுந்தராம்பாள், எல்.ஆர். ஈஸ்வரி, இசைவாணி ஆகியோரை முன்வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். இனிமை என்ற தராசில் ஏற்றினால் மூவருமே எங்கேயாவது இடிப்பார்கள்.

இந்த விஷயத்தில் நம் மொழி நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. கச்சேரிக்காரர்கள் குரலைச் 'சாரீரம்' என்பார்கள். சரீரத்திலிருந்து வருவது சாரீரம். பழந்தமிழில் 'குரல்' என்றால் தொண்டையின் ஓசை, தினைக்கதிரும் குரல்தான், ஏழிசையில் முதல் சுரத்தின் பெயரும் குரல்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய குறிஞ்சிப் பெண்ணுக்கு, காவல் காக்கும் பொருளும் காக்கும் கருவியும் ஒரே பெயரில் இருந்தன. குரல் அங்கே அலங்காரம் கிடையாது, வேலை.

1972இல் பிரெஞ்சு விமர்சகர் ரொலாண் பார்த் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் இதே தானியம் வருகிறது. அவர் பயன்படுத்திய சொல்லுக்குத் தானியமணி என்றும், மரத்தின் இழையோட்டம், ஒரு பரப்பின் சொரசொரப்பு என்றும் அர்த்தம். பிசிறில்லாமல், உணர்ச்சி பாவத்தோடு பாடுகிற ஒருவரிடம் கிடைக்காத இன்பம் வேறொருவரிடம் கிடைக்கிறதே, ஏன் என்று அவர் கேட்கிறார். முன்னவரிடம் மூச்சு மட்டும் கேட்கிறது. பின்னவரிடம் நாக்கு, பல், தொண்டை என்று மொழியை உச்சரிக்கும் உடலே கேட்கிறது என்பது அவர் தரும் விடை. சாரீரம் என்ற நம் சொல்லை ஒழுங்காக விரித்துப் படித்திருந்தால் பாரிசுக்குப் போகாமலே நாம் இங்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

2

சுந்தராம்பாளின் (1908–1980) குரல் மைக் இல்லாத நாடக மேடையில் உருவானது. தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும். சாதாரணமாகச் சுருதி ஏற ஏறக் குரல்நாண்கள் நீண்டு மெலியும். ஒரு கட்டத்துக்கு மேல் அவற்றின் விளிம்பு மட்டும் அதிர்ந்து குரல் மெல்லியதாகிவிடும். சுந்தராம்பாள் அந்த இடத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறார். நெஞ்சிலிருந்து எழும் கனத்தை விடாமல் மேல் ஸ்தாயிக்கு ஏற்றுகிறார். கேட்கிற நமக்கு ஒரு இறுக்கம் உண்டாகிறது, உடைந்துவிடுமோ என்று. உடைவதில்லை. வல்லின மெய்களை அவர் விழுங்குவதும் இல்லை; 'ட'வும் 'ற'வும் தட்டித் தட்டி வரும்.

இப்படிப்பட்ட குரலைச் சமூகம் எந்த உடலுக்கு அனுமதித்தது என்று பார்க்க வேண்டும். 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளைச் சேலை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. 1935இல் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம். பிறகு 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள், 'காரைக்கால் அம்மையார்' (1973). ஆண் வேடம், கிழவி, துறவி, பேயுரு வேண்டிப் பெற்றவள். வரிசையைக் கவனியுங்கள். காமத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பெண்ணுடம்பு மட்டும்தான் இவ்வளவு உரக்க ஒலிக்கலாம். இளமையாகவும் ஆசையோடும் இருக்கிற பெண் அடக்கி வாசிக்க வேண்டும். அவர் குரலின் மகத்துவத்தை எல்லோரும் பக்தி என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். எனக்கு அதில் அதிகாரம் கேட்கிறது.

3

மைக் வந்ததும் நிலைமை மாறியது. கத்தத் தேவையில்லை, முணுமுணுத்தால்கூட ஆயிரம் பேருக்குக் கேட்கும். பின்னணிப் பாடல் முறை இன்னொன்றும் செய்தது: திரையில் ஆடும் உடல் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. பாடுகிறவள் ஸ்டூடியோவுக்குள் ஆடாமல் அசையாமல், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி நின்று பாடலாம். குரலுக்கும் உடலுக்குமான இந்தப் பாகப்பிரிவினைதான் 'குடும்பப் பாங்கான' பாடகியைச் சாத்தியமாக்கியது. தமிழ்ப் பின்னணிப் பாடகிகளைப் பற்றி 2021இல் புத்தகம் எழுதிய மானுடவியலாளர் அமாண்டா வைட்மன் இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்.

பி. சுசீலா இந்த முறையின் சிகரம். பெண் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் அவருக்குத்தான், 'உயர்ந்த மனிதன்' (1968) படத்துக்காகக் கிடைத்தது. அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. மேலும் கீழும் ஒரே நிறம், ஒரே ஈரம், எங்கே மூச்சு வாங்கினார் என்றே தெரியாத தொடர்ச்சி என்பதெல்லாம் அசுர உழைப்பு. அந்த உழைப்பு கேட்கக் கூடாது என்பதே அங்கு விதி.

எல்.ஆர். ஈஸ்வரி அந்த விதியை மீறினார். கோரஸ் பாடிய தாயின் மகள், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 'பாசமலர்' (1961) கல்யாணப் பாட்டில் ஊரறிந்த குரலானார். ஆனாலும் கதாநாயகிக்குச் சுசீலா, கிளப் டான்ஸுக்கு ஈஸ்வரி என்று ஒரு வேலைப்பிரிவினை பெருமளவு நிலைத்துவிட்டது. அவர் குரலில் சிரிப்பு, விக்கல், பெருமூச்சு, செல்லச் சிணுங்கல் எல்லாம் சுருதி பிசகாமல் பாட்டின் உறுப்பாக வரும். 'சிவந்த மண்' (1969) படத்தில் சவுக்குச் சொடுக்குகளுக்கு நடுவே வரும் பாட்டைக் கேட்டால் தெரியும். அடி வாங்குகிற உடலின் துடிப்பு தாளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிரித்து வைத்த குரலையும் உடலையும் அவர் மறுபடி ஒட்ட வைத்தார். அதற்குக் கிடைத்த பெயர் 'விரசம்'.

இப்போது ராயபுரத்துக்கு வருகிறேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஊர் இது. அன்றிலிருந்து எங்களுக்கு அமைதி என்று ஒன்று கிடையாது. கூட்ஸ் வண்டி, துறைமுகத்துக் கன்டெய்னர் லாரி, காசிமேட்டில் மீன் ஏலம், போட் இன்ஜின். இதற்கு நடுவில் ஆடி மாசம் பிறந்தால் கூழ் ஊத்துகிற பந்தலில் ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அந்தக் காலத்துக் கொழா ஸ்பீக்கர் கீழ் ஸ்தாயியைச் சுத்தமாகக் கொன்றுவிடும். நடு அதிர்வெண்களைத்தான் தள்ளும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. ஈஸ்வரியின் குரலில் உள்ள உலோகப் பளபளப்பு அந்தப் பகுதியில் விழுகிறது. லாரிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு நாலு தெரு தாண்டி வார்த்தை வார்த்தையாக வந்து சேரும். இழைத்து இழைத்துப் பாடிய மென்குரல்கள் அதே ஸ்பீக்கரில் கொழகொழத்துப் போகும். "ஈஸ்வரி பாட்டு போட்டாதான்பா ஆத்தா எறங்குவா" என்று எங்க பக்கம் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல, ஒலியியலும்கூட.

கேபரேக்கு ஆகாத பெண்ணின் குரல் என்று ஒதுக்கவில்லை. கேபரேக்கு மட்டும்தான் ஆகும் என்று ஒதுக்கிய குரல் அது. அதுவே அம்மனின் குரலாகிவிட்டது. சாமியாடுகிற பெண்ணுக்கு மூச்சிரைக்கும், வேர்க்கும், கூந்தல் அவிழும். மூச்சு கேட்காத குரலில் அவளுக்கு எப்படி அருள் வரும்?

4

மூன்றாமவர் எங்க ஊர்க்காரர். ராயபுரத்தில் பிறந்த இசைவாணி, கானா பாடகி. 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 19 பேரில் ஒரே பெண். 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர்.

அவர் செய்தது என்ன என்று புரிய, வடசென்னைச் சாவு வீட்டின் ஒலி அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். பிணத்தைச் சுற்றிப் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். வெளியே தெருவில் பந்தல் போட்டு, ராத்திரி முழுக்க ஆண்கள் கானா பாடுவார்கள். இரண்டும் ஒரே சாவுக்கு. இரண்டிலும் மெட்டு உண்டு, அந்தந்த நேரத்தில் கட்டும் வரிகள் உண்டு. ஆனால் வாசலுக்கு வெளியே இருப்பது 'பாட்டு', உள்ளே இருப்பது 'அழுகை'. அவனுக்குப் பாடகன் என்ற பெயர், சில சமயம் காசும் உண்டு. அவளுக்கு மறுநாள் தொண்டை கட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

இசைவாணி அந்த வாசற்படியைத் தாண்டினார். கானாவின் சுருதியை மேலே தூக்கி 'பெண்மையாக்கி'ப் பாடவில்லை. பேச்சுக் குரலுக்குப் பக்கத்திலேயே, நெஞ்சுக் கனத்தோடு, சொல்லின் முதல் அசையை இடித்து, கடைசி அசையை அலட்சியமாக வீசிவிட்டுப் போகிறார். 'இன்னா', 'கீது' என்று ஊர் சிரிக்கிற மெட்ராஸ் பாஷை அவர் வாயில் கூச்சமில்லாமல் வருகிறது. சினிமாவில் அது எத்தனை வருஷம் காமெடியன் பாஷையாகக் கிடந்தது! சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி அவர் பாடிய பாட்டு, சில வருஷம் கழித்து 2024 நவம்பரில் கிளறப்பட்டு, அவர்மேல் புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. இனிமையான குரலுக்கு இப்படி நேர்வதில்லை. குரலுக்குள் ஒரு உடல் இருக்கிறது, அந்த உடலுக்கு ஒரு முகவரி இருக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

5

அப்படியானால் குரலின் மகத்துவம் எது? சுருதி சுத்தம், லய சுத்தம் எல்லாம் நுழைவுச் சீட்டு. மூவரிடமும் அது இருக்கிறது. அதற்கப்பால், பாடுகிறவளின் உடல் அழியாமல் கேட்க வேண்டும். அவள் எந்த இரைச்சலுக்கு எதிராகப் பாடினாள் என்பது கேட்க வேண்டும். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை, ஸ்டூடியோவின் ஒழுக்கம், சாவு வீட்டின் வாசற்படி. இடமும் தடையும் குரலில் தழும்பாகப் பதிந்திருக்கும். அந்தத் தழும்பை நான் 'குரல்' என்பேன். தினைக்கதிரைப் போல, தொட்டால் சொரசொரப்பது.

இந்த அளவுகோலை ஒப்புக்கொண்டால் நம் இசை வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். விருதுப் பட்டியலிலும் இசைத்தட்டு அட்டவணையிலும் இல்லாத பாடகிகள் அதில் வருவார்கள். ஒப்பாரி வைத்தே தொண்டை கம்மிப்போன கிழவிகள், விடியக்காலை இன்ஜின் சத்தத்துக்கு மேலே விலை கூவுகிற மீன்காரப் பெண்கள். அவர்களை யாரும் பாடகி என்று சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது அவர்கள் குரலின் குறையா, நம் காதின் பழக்கமா என்பதை இனிமேலாவது விவாதிக்கலாம்.