இன்ஜின் நின்னா இறங்கத் தெரியணும்!

பறந்துகிட்டு இருக்கிற ஹெலிகாப்டரோட இன்ஜின் திடீர்னு நின்னுட்டா என்ன ஆகும்? இந்தக் கேள்வியை எங்க கிளாஸ்ல கேட்டுப் பார்த்தேன். 'கல்லு மாதிரி தொப்புனு விழும்'னு முதல் பெஞ்ச். 'பாராசூட்ல குதிச்சிடுவாங்க'ன்னு நடு பெஞ்ச். 'சங்குதான்!'னு கடைசி பெஞ்ச் ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. இத்தனைக்கும் நாங்க மெக்கானிக்கல் மூணாம் வருஷம்!

மூணு பதிலும் தப்பு. சரியான பதில் தெரிஞ்சவங்க நமக்குப் பக்கத்துலயே இருக்காங்க. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டுல படிக்கிற நமக்கு கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும்தான் உலகம். இங்கிருந்து கொஞ்ச நேர பஸ் பயணத்துல அரக்கோணம். அங்கே 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளத்துலதான் நம்ம கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இயங்குது. 'ஐ.என்.ஏ.எஸ். 561' என்பது அந்த ஸ்குவாட்ரன் பேரு. 2024 ஜூன் மாசம் அங்கே பயிற்சி முடிச்சு வெளியே வந்த 21 அதிகாரிகள்ல சப் லெஃப்டினென்ட் அனாமிகா பி.ராஜீவும் ஒருத்தர். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்! 22 வாரப் பயிற்சி அது. பறக்கக் கத்துக்கறது அதுல ஒரு பாதிதான். பறக்க முடியாமப் போனா என்ன செய்யறதுங்கறதுதான் நம்மளை உட்கார வைக்கிற மீதி.

சின்ன வயசுல பனை ஓலைக் காத்தாடியைக் கருவேல முள்ளுல குத்திக்கிட்டு ஓடியிருக்கீங்களா? காத்தாடிக்கு மோட்டார் கிடையாது. நீங்க ஓடுறதுதான் மோட்டார். இன்ஜின் நின்ன ஹெலிகாப்டரும் அதேதான். இன்ஜின் நின்னதும் ரோட்டார் தானா அதுகிட்டேயிருந்து விடுபட்டுடும், சைக்கிள்ல பெடலை நிறுத்தினாலும் சக்கரம் உருளுற மாதிரி. ஹெலிகாப்டர் கீழே இறங்க இறங்க, கீழேயிருந்து மேலே வர்ற காத்து ரோட்டாரைச் சுத்த வைக்குது. சுத்துற ரோட்டார் ஹெலிகாப்டரைத் தாங்குது. இதுக்குப் பேரு ஆட்டோ ரொட்டேஷன். 1923-ல ஸ்பெயின்காரர் யுவான் தெ லா சியர்வா தன்னோட 'ஆட்டோஜைரோ'வைப் பறக்க வெச்சதும் இதே தத்துவத்தாலதான்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? வில்லங்கம் இடது கையில இருக்கு. பைலட்டோட இடது கைப்பக்கம் 'கலெக்டிவ்'னு ஒரு நெம்புகோல். மேலே இழுத்தா எல்லா இறக்கையோட சாய்வும் கூடும், ஹெலிகாப்டர் ஏறும். இப்போ இன்ஜின் நின்னு கீழே விழற மாதிரி தோணும்போது யாரா இருந்தாலும் கை என்ன செய்யும்? மேலே இழுக்கும்! இழுத்தா போச்சு. இறக்கைகள் காத்தைப் போய் முட்டி, சுத்துற வேகம் செத்துடும். அப்புறம் கடைசி பெஞ்ச் சொன்ன பதில்தான். அதனால விழும்போது நெம்புகோலைக் கீழே தள்ளணும். இன்னும் வேகமா விழுறதுக்குச் சம்மதிக்கணும்! அதுவும் ஒண்ணு ரெண்டு விநாடிக்குள்ள. யோசிச்சு முடிவெடுக்க நேரமே கிடையாது. கைக்கே அது தெரிஞ்சிருக்கணும். பயிற்சியோட வேலையே, மனுஷனுக்குப் பிறவியிலேயே இருக்கிற பயத்தை அழிச்சிட்டு அந்த இடத்துல வேற ஒண்ணை எழுதறதுதான்.

அதனாலதான் இன்ஸ்ட்ரக்டர் முன்னறிவிப்பே இல்லாம, நடுவானத்துல இன்ஜின் பவரைக் குறைச்சிடுவார். பொதுவா நிமிஷத்துக்கு 1,500 அடிக்கு மேல இறங்குற வேகம். அப்படின்னா ஆயிரம் அடியில பறந்துகிட்டிருந்தா, கையில இருக்கிறது முக்கால் நிமிஷத்துக்கும் குறைவு. அதுக்குள்ள ரோட்டார் வேகத்தைப் பார்க்கணும், காத்து எந்தப் பக்கம்னு பார்க்கணும், மரமும் கரன்ட் கம்பியும் இல்லாத இடத்தைத் தேடணும். தரைக்குக் கிட்டே வந்ததும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைச்சு, கடைசியா கலெக்டிவை இழுத்து மெத்துனு இறக்கணும். சேமிச்சு வெச்ச சுழற்சியை மொத்தமா செலவு பண்ற அந்த இழுப்பு ஒரே ஒரு தடவைதான். சீக்கிரம் இழுத்தா பத்தடி உயரத்துல காலி பர்ஸ். லேட்டா இழுத்தா... வேண்டாம்.

உயரமும் வேகமும்தான் இங்கே பேங்க் பேலன்ஸ். ரெண்டும் இல்லாத நிலைமை, அதாவது நூறடியில அசையாம மிதக்கும்போது இன்ஜின் போனா, எந்தக் கில்லாடியும் கஷ்டம்தான். எந்த உயரம், எந்த வேகம் ஆபத்துன்னு ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் வரைபடமே உண்டு. பைலட்டுகள் வெச்சிருக்கிற பட்டப்பேர் 'டெட் மேன்ஸ் கர்வ்'.

இதுல ஒரு தர்மசங்கடமும் இருக்கு. ரொம்ப நிஜமாப் பயிற்சி கொடுத்தா, பயிற்சியே விபத்தாகும். அதனால பல நாடுகள்ல தரை தொடுறதுக்கு முன்னாடியே பவரைத் திரும்பக் கொடுத்து மேலே ஏறிடறாங்க. சேஃப்தான். ஆனா கடைசி அந்த மூணு விநாடி கைக்குப் பழகாமலே போயிடுது. சிமுலேட்டர் இருக்கேன்னு கேப்பீங்க. வால் ரோட்டார் உடைஞ்சு ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுத்துறது மாதிரியான, நிஜத்துல பழகவே முடியாத சமாச்சாரங்களுக்கு அதுதான் சரி. ஆனா சிமுலேட்டர்ல வயிறு கலங்காது. என் ஓட்டு ரெண்டுக்கும் சேர்த்துத்தான்! மாணவன் தப்பு பண்ணும்போது எவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டு, எந்த விநாடியில கன்ட்ரோலைப் பிடுங்கறதுங்கறது தனிப் படிப்பு. அந்தக் குருமார்களுக்கான பள்ளி 1954-லேர்ந்து நம்ம தாம்பரம் விமானப்படை தளத்துலதான் இருக்கு!

மேகமும் தண்ணியும்

இன்ஜின் நல்லா ஓடினாலும் எமர்ஜென்சி வரும். 2021 டிசம்பர் 8, சூலூர்லேர்ந்து வெலிங்டன் கிளம்பின எம்.ஐ-17 வி5 குன்னூர் கிட்ட விழுந்து, முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்களைப் பறிகொடுத்தோம். மெஷின் கோளாறோ சதியோ இல்லை, வானிலை திடீர்னு மாறி மேகத்துக்குள்ள புகுந்ததுல பைலட்டுக்குத் திசையுணர்வு தடுமாறினதுதான் காரணம்னு விசாரணை சொன்னது. மேகத்துக்குள்ள காது 'நேராப் போறோம்'னு பொய் சொல்லும். 1954-ல இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிகளை நம்பிப் பறக்கப் பழகாத 20 பேரை வெச்சுச் சோதிச்சது. எல்லாருமே தடுமாறினாங்க. சராசரியா 178 விநாடியில!

2009 செப்டம்பர் 2-ல ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டர் விபத்துல இன்னொரு பாடம். மோசமான வானிலைக்கு நடுவுல ஒரு ஆயில் பிரஷர் எச்சரிக்கை. அதுக்கான பக்கத்தைக் கையேட்டுல ஆறு நிமிஷத்துக்கு மேல தேடிக்கிட்டு இருந்தாங்கன்னு விசாரணை அறிக்கை சொல்லுது. 'முதல்ல ஓட்டு, அப்புறம் வழி பாரு, அப்புறம் பேசு' என்பது உலகம் முழுக்க பைலட்டுகளுக்குச் சொல்ற வரிசை. எக்ஸாம் ஹால்ல ரெண்டு மார்க் கேள்வியில மாட்டிக்கிட்டு பதினாறு மார்க்கைக் கோட்டை விடுற நமக்கு இது நல்லாவே புரியும்.

கடற்படைக்குத் தண்ணி வேற. ஹெலிகாப்டரோட கனமெல்லாம் தலையில, அதனால கடல்ல இறங்கினதும் தலைகீழாக் கவிழும். கொச்சி ஐ.என்.எஸ். கருடாவுல இதுக்குன்னே ஒரு நீச்சல் குளம். கேபின் மாதிரி ஒரு கூண்டுல பெல்ட் போட்டு உட்கார வெச்சு, தண்ணிக்குள்ள முக்கிக் கவிழ்த்துடுவாங்க. ஒரு கையால ஜன்னல் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, சுத்தறது நின்ன பிறகுதான் பெல்ட்டைக் கழட்டணும். அவசரப்பட்டா எது மேலே, எது கீழேன்னு தெரியாது.

2023 மார்ச் 8-ல மும்பை கடற்கரைக்கிட்ட கடற்படையின் துருவ் ஹெலிகாப்டர் சட்டுனு பவரையும் உயரத்தையும் இழந்தது. பைலட் அதைக் கட்டுப்பாடா கடல்ல இறக்கினார். மூணு பேரும் உயிரோட மீட்கப்பட்டாங்க. ஆனா 2025 ஜனவரி 5, போர்பந்தர்ல கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்தப்போ மூணு பேரும் பிழைக்கலை. விசாரணை காட்டினது ஸ்வாஷ் பிளேட் உடைஞ்சதை. பைலட்டோட கை அசைவை இறக்கைக்குக் கொண்டு போற பாகமே அதுதான். அது உடைஞ்சா எந்தப் பயிற்சியும் உதவாது. வல்லம் வடகால்ல ஏரோஸ்பேஸ் பார்க் இருக்கு. இன்டர்வியூல 'குவாலிட்டி டிபார்ட்மென்டா, போரடிக்கும் சார்'னு சொல்றதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கலாம்.

ஓட்டுற பக்கம் போகணும்னு ஆசையா? பி.இ.-ல எந்தப் பிரிவா இருந்தாலும் கடற்படை பைலட் நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம், 60 சதவிகித மார்க் வேணும். எஸ்.எஸ்.பி.-க்கு எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம். ஆனா பைலட் திறன் சோதனைக்கு ஆயுசுக்கும் ஒரே சான்ஸ்தான், அரியர் கிடையாது!