லயத்தில் பெட்டரி சார்ஜ் போடுகிறீர்களா? முதலில் இடத்தைப் பாருங்கள்



2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த நேரத்தில் லைட்டுக்கென்று கார் பெட்டரியும் சார்ஜரும் வாங்கியவர்கள் அதை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் பிள்ளைகளும் பெட்டரியைக் கழற்றி வந்து வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறார்கள். நான் லயங்களுக்குப் போகும்போது அது கட்டிலுக்கு அடியில் இருக்கும், இல்லாவிட்டால் குசினி மூலையில் இருக்கும். இரண்டுமே கூடாத இடம்.

ஏன் கூடாது?

பெட்டரி நிறையப் போகிற நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே சின்னப் பொறியிலும் வெடிக்கும். ஆசிட்டும் முகத்தில் தெறிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, பீடி, எதுவும் போதும். லயமோ ஒரே கூரை. ஒரு காம்பிராவில் பிடித்த நெருப்பு அங்கேயே நிற்காது.

எங்கே வைப்பது?

இந்த வாயு மேலே எழும்பும். ஆகவே மேல்பக்கம் காற்று போய்வர வேண்டும். இஸ்தோப்பில் சாரல் படாத பக்கம் நல்லது. புள்ளைகள் கை வைக்காதபடி பலகைப் பெட்டியில் வைத்து, மூடியில் ஓட்டைகள் போடுங்கள். சார்ஜரைப் பெட்டரிக்கு நேர் மேலே மாட்டாமல், பக்கத்தில் தள்ளி மாட்டுங்கள்.

எந்தச் சார்ஜர்?

பெட்டரியில் 40 ஆம்பியர் மணி என்றிருந்தால் 4 ஆம்பியர் அளவு சார்ஜர் போதும், அதாவது பத்தில் ஒரு பங்கு. பெரிய சார்ஜர் போட்டால் பெட்டரி கொதிக்கும். நிறைந்ததும் தானாகக் குறைக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். லித்தியம் பெட்டரிக்கு அதற்குரிய சார்ஜரையே பாவிக்க வேண்டும்.

செய்யும் முறை

1. முதலில் சிவப்பு கிளிப்பை + பக்கமும், கறுப்பை − பக்கமும் மாட்டுங்கள். பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.
2. கழற்றும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள். இல்லாவிட்டால் கிளிப்பில் பொறி பறக்கும்.
3. லைட்டுக்குப் போகும் வயரில், + முனைக்குக் கிட்டவே பியூஸ் போடுங்கள். 12 வோல்ட் கரண்ட் அடிக்காதுதான். ஆனால் வயர் ஒன்றோடொன்று முட்டினால் சிவக்கப் பழுத்துத் தீப்பிடிக்கும்.
4. பல்ப் ஹோல்டரில் இருந்து சார்ஜருக்குக் கரண்ட் இழுக்காதீர்கள். ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில், சரியான ப்ளக்கில் போடுங்கள்.
5. தண்ணீர் ஊற்றும் பெட்டரியென்றால் பெட்டரித் தண்ணி மட்டும் ஊற்றுங்கள். பீலித் தண்ணி வேண்டாம்.
6. சங்கிலி, வளையல் பெட்டரி முனையில் படக் கூடாது.
7. எல்லாரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

கண்ணில் ஆசிட் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் 20 நிமிஷமாவது கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்றைக்கே உங்கள் பெட்டரி எங்கே இருக்கிறதென்று பாருங்கள். கட்டிலுக்கு அடியில் என்றால் இன்றைக்கே வெளியே எடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.