யார் காதிலும் விழாமல்

14416 என்று அழுத்தினால் நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஒருவர் எடுத்துப் பேசுவார், தமிழிலேயே. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவச சேவை இது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்டுக்கொள்வார். மேற்கொண்டு கவனிப்பு தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் பெண்ணின் கையிலும் போன் இருக்கிறது. எங்கே நின்று பேசுவது என்பதுதான் சிக்கல்.

வீடு ஒரே கூடம். கம்பெனியில் லைன் விட்டு எழுந்தால் பக்கத்து மிஷின்காரர் நிமிர்ந்து பார்ப்பார். கம்பெனி பஸ்ஸில் அடுத்த சீட்டில் சொந்த ஊர்க்காரி. ‘அவரு போனதிலிருந்து தூக்கமே வரலீங்க’ என்பதை இவர்களுக்கு நடுவே எப்படிச் சொல்வது? இணையவழி மனநல சிகிச்சை என்றாலே சிக்னல், செயலி, கட்டணம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. சாத்திக்கொள்ள ஒரு கதவு எல்லோரிடமும் இருக்கும் என்று கேட்காமலே முடிவுகட்டிவிடுகிறோம்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் வந்துவிட்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு, ஒரு சிகிச்சையாளர் கூடவே வழிநடத்தும் இணையவழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நேரில் உட்கார்ந்து பெறும் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. யாரும் வழிநடத்தாமல் செயலியை மட்டும் கொடுத்தால் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

துக்கத்தின் கணக்கு வேறு. பெரும்பாலான துக்கத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை. இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பி, பகலெல்லாம் ஷூவின் அப்பர் தைத்துவிட்டு, இரவில் அழுகிறவளை ‘மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்’ என்று ஊர் பேசும். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள், இழப்பை நினைப்பதும் பிழைப்பைப் பார்ப்பதுமாக மாறிமாறிப் போய்வருவதுதான் துக்கத்தின் இயல்பு என்று விளக்கினார்கள். அவள் செய்வதும் அதுதான். அந்தப் போக்குவரத்து நின்றுபோய், ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் அன்றாடத்தை முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு பொறுக்கச் சொல்கிறது.

இப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்காக பிர்கிட் வாக்னரும் சகாக்களும் நடத்திய ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. சிகிச்சையாளரும் நோயாளியும் சந்திக்கவில்லை, பேசவுமில்லை. எழுதினார்கள். ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம். முதலில், நினைக்கவே அஞ்சும் அந்தக் காட்சியை எழுதவேண்டும். பிறகு, தன்னைப்போல் இழந்த ஒரு தோழிக்கு ஆறுதல் சொல்லிக் கடிதம். கடைசியாக, இனி நடத்தப்போகும் வாழ்க்கையைப் பற்றி. ஒவ்வொன்றையும் சிகிச்சையாளர் படித்துப் பதில் எழுதுவார். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட எழுதியவர்களின் துக்கம் தெளிவாகக் குறைந்தது. குரலே எழாத சிகிச்சை! நெருக்கடியான வீட்டுக்கு வீடியோவைவிட இது பொருந்தும் என்பது என் எண்ணம். ஒரே போனைக் குடும்பமே புரட்டும் வீட்டில் மட்டும் இது நடக்காது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் எழுதிக்கொண்டிருக்கவும் கூடாது. உடனே யாரிடமாவது பேசியாக வேண்டும்.

கதவுப் பிரச்சினையைச் சென்னையின் ஸ்கார்ப் என்ற மனநல அமைப்பு வேறு வழியில் தீர்த்தது. 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. உள்ளே திரை, திரையில் மனநல மருத்துவர், மருந்தும் பஸ்ஸிலேயே. தீவிர மனநோய்க்காக வந்த ஏற்பாடு அது. ஆனாலும் பேசுவதற்கான அறை ஊர் தேடி வந்தது.

வேலூருக்கு வேறொரு பழக்கமும் உண்டு. பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய சிஎம்சி மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவார்கள். வீட்டாரும் சிகிச்சையின் பங்காளிகள். ஆகவே தனிமைதான் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. மாமியாரை எப்போது உள்ளே கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் உரிமை துக்கத்தில் இருக்கும் மருமகளிடம் இருக்கவேண்டும்.

அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைப்பகுதியில் 2023 மே மாதம், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைச் சாலை இல்லாததால் தாய் கிலோமீட்டர் கணக்கில் தூக்கி நடந்தார். அந்த ஊர்க்காரர்களிடம் போய்ச் செயலியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சமவெளியில் வழி இருக்கிறது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை எனும் முதலுதவி அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. இப்படிப் பேசுவதற்கு வாரத்தில் அரை மணி நேரம் அந்த அறையைத் தரலாம். ஆனால் சூப்பர்வைசர் கண்ணெதிரே அதற்குள் யார் நுழைவார்கள்? மறுநாளே லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். அதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறையும் ஹெட்போனும் போதும். பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் தினமும் பெண்கள் வந்துபோகும் இடம் அது. ஏன் போனாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.