வினிகர் காட்டிக்கொடுக்கும் இடம்

கருப்பைவாய்க்கான பேப் ஸ்மியரிலோ எச்.பி.வி. பரிசோதனையிலோ சந்தேகம் எழுந்தால், மருத்துவர் அடுத்து எழுதித் தருவது பெரும்பாலும் கால்போஸ்கோப்பி. சீட்டைக் கையில் வாங்கியதுமே புற்றுநோய் வந்துவிட்டதென்று கலங்கிப்போகும் பெண்கள் பலர். ஆனால் இதில் முக்கியமாகத் தேடப்படுவது, புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலை. எச்.பி.வி. வைரஸ் விடாமல் தங்கிவிட்டாலும், கருப்பைவாயில் புற்று உருவாகப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு காலம் தருகிற புற்றுநோய்கள் குறைவு.

இதற்கான கருவியான கால்போஸ்கோப் உடலுக்குள் நுழைவதில்லை. ஸ்பெகுலம் வைத்துப் பிறப்புறுப்பை விரித்தபின், சுமார் ஓர் அடி தள்ளி நிறுத்தி, விளக்கொளியில் கருப்பைவாயைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். முதலில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள். வினிகரில் இருப்பதும் இதுதான். லேசாக எரியும். மாறிப்போன செல்களில் உட்கருவும் புரதமும் அடர்ந்திருப்பதால், ஒரு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். சில நிமிடங்களில் மங்கிவிடும். பச்சை வடிகட்டியைப் போட்டால் ரத்தக்குழாய்கள் கருத்துத் தெரியும். அவை புள்ளி புள்ளியாகவோ கட்டம் கட்டமாகவோ இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அடுத்து அயோடின். கிளைக்கோஜன் நிறைந்த நல்ல செல்கள் கரும்பழுப்பாகும், மாறியவை மஞ்சளாகவே நிற்கும். வெளுத்ததெல்லாம் ஆபத்தும் அல்ல. அதனால்தான் சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். அதன்பின் ஓரிரு நாள் லேசான ரத்தக்கசிவு இருக்கலாம்.

1925 வாக்கில் இக்கருவியை உருவாக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மன். நாஜி ஆட்சியில், ஆஷ்விட்ஸ் முகாமில் அடைபட்ட யூதப் பெண்கள்மீது இதே கருவியால் பலவந்தமாக ஆய்வு நடத்தினார்கள். ரோமா இனப் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்த குற்றத்துக்காக ஹின்செல்மன் போருக்குப்பின் தண்டிக்கப்பட்டார். இதை மறைத்துவிட்டுக் கருவியை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. சோதனை மேசையில் படுத்திருக்கும் பெண்ணிடம் ஒவ்வொரு படியையும் விளக்கி, சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கால்போஸ்கோப்பி செய்ய நிபுணர்தான் வேண்டும் என்பதுமில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே கிராமங்களில் அசிட்டிக் அமிலச் சோதனை செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு கால்போஸ்கோப்பியும், உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அவர்களே தந்தார்கள். 30 முதல் 59 வயதுவரையான பெண்கள் அதில் பங்கேற்றார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன.